ஹேசல்கோட்டின் ஒரே தமிழாள்

இங்கிலாந்து என்று யாராவது பேச்செடுத்தால் போதும், புஷ்பவல்லியைப் பிடித்து நிறுத்த முடியாது. சிட்னியில், கெல்லிவில்லில் வீடு வாங்கி வருசக்கணக்காகியும் மனுசி இன்னும் ஹேசல்கோட்டிலேயேதான் குடியிருந்தாள். லண்டனின் விளிம்பில் இருக்கிற சின்ன ஊர் அது. ஒரு காலத்தில் வயலும் தேவாலயமும் வாத்துக் குளமும்தான். பிறகு ரயில் வந்தது, ரயிலோடு வரிசை வரிசையாக வீடுகள் வந்தன, நகரம் ஊரை விழுங்கிவிட்டது. ஆனாலும் அங்கிருப்பவர்கள் அதைக் கிராமம் என்றே சொல்வார்கள். மாற்றிச் சொன்னால் முகம் கறுக்கும். பூந்தோட்டப் போட்டி, குளத்தடியில் கிரிக்கெட், அடுத்த வீட்டு வேலி எவ்வளவு உயரம் என்கிற ஓயாத கவலை. அந்த ஊர்ச் சங்கத்தில் இருந்த ஒரே தமிழாள் தான்தான் என்பதையும் புஷ்பவல்லி சொல்லாமல் விடமாட்டாள்.

அன்றைக்கு ஹோம்புஷ் சாப்பாட்டுக் கடையில் அகப்பட்டவள் சங்கரி. லண்டனிலிருந்து புதிதாக வந்தவள். மெரிலேண்ட்ஸில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தொடங்கியிருந்தாள். புஷ்பவல்லியைப் படிப்பிக்க வரும்படி கேட்கத்தான் அவளையும் கணவர் சிவலிங்கத்தையும் அழைத்திருந்தாள். சிட்னிக்கு வந்த நாளிலிருந்து புஷ்பவல்லியை யாரும் எதற்கும் கேட்டதில்லை. எந்தச் சேலை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். சந்தோசத்தில் வடை வருவதற்குள் ஹேசல்கோட் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டாள்.

"ஹேசல்கோட்டோ?" என்றாள் சங்கரி. "நாங்கள் ஸ்டேஷனுக்கு மற்றப் பக்கம் பிளாட்டில இருந்தனாங்கள், அன்ரி. பிள்ளையளின்ர தமிழ் வகுப்புக்கு அந்த ஊர்ச் சங்கத்தின்ர மண்டபத்தை, அந்த ஹோலைக் கேட்டனாங்கள். தரேல்லை."

புஷ்பவல்லியின் கை சட்னிக் கிண்ணத்தில் நின்றது. சிவலிங்கம் தலையைக் குனிந்து வடையைப் பிய்க்கத் தொடங்கினார்.

"கார் கூடுமாம், சத்தமாம், ஊரின்ர குணம் கெட்டுப்போகுமாம். அதையும் ஒரு தமிழ் மனுசிதான் சங்கக் கூட்டத்தில எழும்பிச் சொன்னவ எண்டு பிறகு கதை வந்தது. நான் நம்பேல்லை. எங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டினம் எண்டு எல்லாரோடையும் சண்டை பிடிச்சனான்." சங்கரி சிரித்தாள். "நீங்கள் அங்க இருக்கிறியள் எண்டு தெரிஞ்சிருந்தா நேர உங்களட்ட வந்திருப்பன். ஹோல் கிடைச்சிருக்கும்."

புஷ்பவல்லிக்குக் காது சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடியும், சனிக்கிழமை ரீச்சராகப் போய் நிற்கலாம். ஆனால் இந்தப் பிள்ளை ஆளைத் தெரியாமலே தனக்காக ஊரோடு மல்லுக்கட்டியிருக்கிறதே! வெட்கத்தில் மேசைக்கடியில் போய் ஒளியலாம் போல இருந்தது.

"கோப்பி சொல்லட்டோ?" என்று சிவலிங்கம் மனைவியைக் காப்பாற்றப் பார்த்தார்.

"நான்தான், பிள்ளை," என்றாள் புஷ்பவல்லி. "நான்தான் எழும்பிக் கதைச்சனான். ஒரு தமிழாள் சொன்னா ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம் எண்டு சங்கத்து ஆக்கள் வந்து கேட்டவை. ஊர்ச் சரித்திரம் முழுக்க எடுத்துச் சொல்லி, ஹோலைக் குடுக்க வேண்டாம் எண்டனான்."

சங்கரி கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ஏன் அன்ரி?" என்று மட்டும் கேட்டாள்.

காரைச் சொல்லலாம், சத்தத்தைச் சொல்லலாம். இரண்டுக்கும் நாக்கு எழவில்லை. "என்னைத் தங்கட ஆள் எண்டு அவை நினைக்கவேணும் எண்டு."

"நினைச்சவையோ?"

சிவலிங்கமும் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குப் பெரிய கைதட்டல் என்றுதான் வீட்டில் அவருக்குச் சொல்லியிருந்தாள்.

"கூட்டம் முடிய, சங்கத் தலைவி ஓடிவந்து கையைப் பிடிச்சவ," என்றாள் புஷ்பவல்லி. "பெரிய உதவி எண்டவ. 'ஹோல் இல்லையெண்டு உங்கட ஆக்களுக்கு நீங்களே சொல்லிவிடுவீங்கள்தானே' எண்டு கேட்டவ. நான் அதுக்கும் ஓம் எண்டு தலையாட்டினனான்."

சங்கரி பில்லைக் கேட்டு வாங்கினாள். வகுப்பைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. புஷ்பவல்லியும் கேட்கவில்லை.