வெளுப்பாலையின் கேள்வியம்மா

ஆற்றின்மேல் படர்ந்த வெண்பனி கதிரவனின் முதற்கதிர் பட்டு மெல்ல அவிழ, கரையோரத்து நெடிய புகைபோக்கி வானை நோக்கிக் கரும்புகை உயிர்க்க, குறுகிய தெருவின் இருமருங்கும் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்து, ஆடவரும் பெண்டிரும் துயில் கலையா விழியினராய் ஆலைவாயிலை நோக்கி நடக்கும் காலைப்பொழுது அது. மருத்துவமனைகளும் விடுதிகளும் அனுப்பும் துணிகளைத் தூய்மை செய்து தரும் அவ்வாலையில், வெளுப்புக் கூடம் கொதிநீர்த் தொட்டிகளின் ஆவியால் முகில் தவழும் மலைச்சாரல்போல் மங்கிக் கிடக்கும். அதனை அடுத்த தேய்ப்புக் கூடமோ, தணல் ஏந்திய இரும்புப் பெட்டிகளால் கோடை நண்பகலெனக் கனன்று நிற்கும்.

ஆலைக்கு உரியவன் அண்ணன்; அதனை நாள்தோறும் நடத்தியவளோ, இளமையிலேயே கணவனை இழந்து பிறந்தகம் மீண்ட தங்கை. ஆணை ஒன்று பிறக்குமுன் அதனைச் சுமக்கப்போகும் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டுத் துளைப்பது அவள் இயல்பாதலின், தொழிலாளர் அவளைக் 'கேள்வியம்மா' என்றே அழைத்தனர். முதலில் கேலியாக, பின்னர் அன்பாக.

ஒருமுறை அண்ணன் அவளைக் கலவாமலே புதிய ஆணையொன்று இட்டான்; அன்று ஈரம் வடியாத துணியினின்று சீறி எழுந்த ஆவியால் தேய்ப்புக்காரி ஒருத்தியின் கை வெந்துபோயிற்று. உடனிருந்தோர் பெட்டிகளை இறக்கி வைத்துக் கைகட்டி நின்றனர். வெளுப்போர் பிழிவதேயில்லை என்று இவர்கள் பழிக்க, தேய்ப்போர்க்கு வணங்கா உடம்பு என்று அவர்கள் இகழ, ஆலை இரண்டுபட்டது.

அண்ணன் சினந்தான். "தேய்ப்புத் தலைவியை வெளிய அனுப்பிடு. மத்தவங்க தானா வழிக்கு வருவாங்க."

"அனுப்பலாம் அண்ணே. அதுக்கு முன்னாடி அந்த மேசையில நீ கொஞ்ச நேரம் நின்னு பாரு. வெளுப்புத் தலைவரும் உன் பக்கத்துல நிக்கட்டும்."

"நான் எதுக்கு நிக்கணும்?"

"உத்தரவு போட்டது நீதானே. அது யார் தலையில விழுதுன்னு நீ பாத்ததே இல்லையே."

முணுமுணுத்தபடியே நின்றான். சிறிது நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, விரல் நுனிகள் ஆவிபட்டுச் சிவக்க, அருகில் நின்ற வெளுப்புத் தலைவரை நோக்கி, "ஏன்யா இப்படிச் சொட்டச் சொட்ட அனுப்புறீங்க?" என்றான்.

அவர் தயங்கினார். "பிழிய எங்க முதலாளி நேரம்? உச்சிவேளைக்குள்ள எல்லாத் துணியும் வண்டி ஏறணும்னு நீங்கதானே சொன்னீங்க."

தேய்ப்புத் தலைவி குறுக்கிட்டாள். "ஆஸ்பத்திரித் துணிதான் மதியத்துக்குள்ள போகணும். விடுதிக்காரங்க சாயங்காலம் வரைக்கும் பொறுப்பாங்க. எங்களை யாரு கேட்டா?"

வண்டி இருமுறை சென்றது. துணி செவ்வனே பிழியப்பட்டது. வென்றவரும் இலர், தோற்றவரும் இலர். அன்றுமுதல் எவ்வாணையும் இரு கூடத்தாரும் கூடியமர்ந்து பேசிய பின்னரே பிறந்தது.

ஆண்டுகள் உருண்டன. அவ்வாலையின் அமைதியைக் காணப் பிற நகர்களின் ஆலையுடையோர் திரண்டு வந்தனர். பேரவை ஒன்றில் உரையாற்ற அண்ணனை அழைத்தனர். "நான் கண்ட வழி" என அவன் தொடங்கியபோது கடைவரிசையில் அமர்ந்திருந்த தங்கை நிமிர்ந்தாள். முடித்தபோது எழுந்த கையொலி மழையில், அவள் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

வீடு திரும்பியதும் கேட்டாள்: "என் பேரு உன் வாயில வரவே இல்லையே அண்ணே."

"சொன்னா யாரு கேட்டிருப்பாங்க? பொம்பளை யோசனைன்னு சிரிச்சிருப்பாங்க."

"சிரிச்சிருப்பாங்களோ என்னவோ. நீ சொல்லிப் பாக்கலையே."

அவன் தலை தாழ்ந்தது. தீயவன் அல்லன், அடுத்த அவையில் சொல்லிவிட வேண்டும் என்றே எண்ணினான். ஆயினும் அதற்குள் அவ்வுரை நூலாகி ஊரெங்கும் பரவிற்று. பரவிய புகழை மறுத்துரைக்கும் துணிவு அவனுக்கு வாய்க்கவேயில்லை. அவளோ பல நாள் அவனொடு பேசாதிருந்தாள். ஆலைக்குச் செல்வதை மட்டும் ஒருநாளும் நிறுத்தினாளில்லை.

முதுமையில் அவள் மறைந்த காலை, அண்ணன் ஆலைப்பக்கம் வராது, வீட்டு முற்றத்தில் அவளருகே அமர்ந்திருந்தான். ஆணையிட ஆலையில் ஒருவரும் இலர். இரு கூடத்தாரும் தாமே கூடினர். நோயாளர்க்குரிய துணி நிற்கலாகாது என்றனர். யார் வேலையில் தங்குவது, யார் அவளை வழியனுப்பச் செல்வது, எப்போது மாறிக்கொள்வது என்று தமக்குள் கேட்டுத் தெளிந்தனர். மருத்துவமனை வண்டி பொழுதோடு புறப்பட்டது. அவளைச் சுமக்கவும் தோள்கள் குறையவில்லை. எந்நூலும் எழுதாத அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதபடியே, அவர்கள் ஆற்றங்கரை வழியே நடந்தனர்.