யாருடைய நீலம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் சபாபதி மஞ்சள் காமாலையிலிருந்து பிழைத்தெழுந்தார். அதற்காக அவர் மனைவி புஷ்பவல்லி பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள், ஒரு வருடத்துக்கு வீட்டில் இருவரும் சைவம் என்று. முருகன் தன் பங்கைச் சரியாகச் செய்தார். சபாபதிதான் செய்யவில்லை. ரயில்வே கிடங்கில் வேலை முடிந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவோர ஒட்டுக்கடையில் ஆட்டுக்கறி வறுவலை ஒரு பிடி பிடித்துவிட்டு, வாயில் சீரகத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். பசியில்லை என்று இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார்.

மாதக்கணக்கில் பசிக்காத புருஷனை எந்தப் பெண் சும்மா விடுவாள்? அடுத்த தெருவில் ரமணி என்ற பெண் புதிதாகப் பரிசோதனைக்கூடம் திறந்திருந்தாள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதச் சம்பளத்தையே கேட்பார்கள். ரமணி ஐந்து வெள்ளிக்குச் சிறுநீரை வைத்தே குடலின் யோக்கியதையைச் சொல்லிவிடுவாள். சாப்பாடு குடலில் தங்கி அழுகினால் அவள் ஊற்றும் மருந்துக்கு நீலம் காட்டுமாம், கறி தின்கிறவர்களுக்குச் சட்டென்று காட்டுமாம். அதைக் கேட்டதும் சபாபதிக்கு வேர்த்துவிட்டது. துணைக்கு நானும் கொடுக்கிறேன் என்று புஷ்பவல்லியும் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை குளியலறை ஜன்னலில் பெயர் ஒட்டிய இரண்டு புட்டிகள் இருந்தன. அவள் காப்பி கலக்கப் போன நேரத்தில் சபாபதி சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினார்.

சாயங்காலம் முடிவு வந்தது. புஷ்பவல்லி பெயரில் பளிங்குபோல் சுத்தம். சபாபதி பெயரில் நல்ல கருநீலம். டாக்டரைப் பார்ப்பது நல்லது என்றாள் ரமணி. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அன்றிலிருந்து அவருக்குக் கஞ்சியும் மோரும்தான்.

முதலில் தன் தலையெழுத்தைத்தான் நொந்துகொண்டார். அப்புறம்தான் உறைத்தது, அந்த நீலம் தன்னுடையது இல்லையே என்று. அடுப்படியில் புஷ்பவல்லி வயிற்றைப் பிடித்தபடி ஓமம் மென்றுகொண்டிருந்தாள். பல மாதமாகவே மெல்கிறாள், அவர்தான் கவனித்ததில்லை. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் இவள் டாக்டரிடம் போகமாட்டாள். மானம் கிடக்கட்டும் என்று அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"புஷ்பா, அந்த நீலம் ஒன்னோடதுதான்லா. சீட்ட நான்தான் மாத்தி ஒட்டினேன்."

ஒட்டுக்கடை, வறுவல், சீரகம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தார். அவள் கஞ்சிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நீங்க பசிக்கலன்னு மிச்சம் வெச்ச சோத்தயும் பருப்பயும் யார் தின்னதுன்னு நெனச்சீங்க? கொட்ட மனசு வரல. ரெண்டு நாளு பழசகூட சுட வெச்சு தின்னேன்."

தின்ற வறுவல் மொத்தமும் தொண்டைக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது சபாபதிக்கு.

அவரே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மருந்து கொடுத்து, பழைய சாப்பாட்டைத் தொடக்கூடாது என்றார். வேண்டுதல் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும் என்றாள் புஷ்பவல்லி.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் ரமணியிடம் போனார்கள். இந்தத் தடவை புட்டிகளைப் புஷ்பவல்லி தன் கையை விட்டு இறக்கவே இல்லை. இருவர் பெயரிலும் நீலம் இல்லை. அன்றைக்கு வீட்டில் பாகற்காய்க் குழம்பு. சபாபதிக்குப் பாகற்காயைக் கண்டாலே ஆகாது. அவளை முதலில் உட்காரவைத்துச் சுடச்சுடப் பரிமாறினார். பிறகு தானும் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சட்டியைச் சாய்த்துப் பார்த்து, அடியில் கிடந்ததையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.