எனக்கு இருக்கு, தம்பி

என் மாமியாருக்குப் பேருந்து நிலையத்தில் துப்புரவு மேற்பார்வை வேலை. அவருக்குக் கீழே ஆறு பெண்கள். நின்ற இடத்திலிருந்து அதட்டுகிற ஆள் இல்லை அவர்; தானும் இறங்கித் தேய்ப்பார். காலையில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும்போது மட்டும் ஷூவைக் கழற்றி டிக்கெட் ஜன்னலின் விளிம்பில் வைத்துவிடுவார். ஈரத்தில் ஊறினால் தோல் பாழாகிவிடும் என்ற கவலை. நல்ல கறுப்பு ஷூ. என் கணவர் போன வருடம் வாங்கிக் கொடுத்தது.

அப்படி வெறுங்காலோடு நின்ற ஒரு காலையில்தான் அந்த வெள்ளைச்சட்டைக்காரன் வந்தான். போவோர் வருவோருக்கு எதையாவது கொடுத்து, அதைப் படம் பிடித்துப் போடுவதே அவனுக்குப் பிழைப்பு. கூட ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். வெள்ளைச்சட்டை ஈரத்தரையில் மண்டியிட்டு, அத்தையின் காலைப் பிடித்து, டப்பாவிலிருந்து புது ஷூவை எடுத்து மாட்டினான். அத்தை காலை இழுத்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு நாளில் அந்த வீடியோவை நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். "இருபது வருடமாகச் செருப்பில்லாத தாய்" என்று தலைப்பு. பின்னால் நெஞ்சைப் பிழியும் வயலின். கடைசியில் ஒரு ஷூ கடையின் பெயர், பளபளவென்று. அத்தை வாயசைப்பது தெரிந்தது, சத்தம் இல்லை.

கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். இந்தம்மாவுக்குப் பிள்ளை இருந்தால் அவன் மனுஷனா என்று ஒருவன் ஆரம்பித்தான். எங்கள் தெருவில் யாரோ ஒரு புண்ணியவான், பிள்ளை இருக்கிறான், இன்ன கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறான் என்று எழுதிவைத்தான். அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர்கள் என் கணவரின் படத்தைத் தேடி எடுத்துக் காறித் துப்பினார்கள். கிடங்கில் அவருடைய அலமாரிக் கதவில் ஒரு பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அவருடைய போனைப் பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அத்தையிடம் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். மறுபடி ஒருமுறை போடச் சொன்னார்.

"நான் பேசினது எங்கம்மா?" என்றார்.

"என்ன பேசுனீங்க அத்தே?"

"எனக்கு இருக்கு தம்பி, அதோ இருக்கு பாருன்னு கையக் காட்டுனேன். எம் பையன் வாங்கிக் குடுத்ததுன்னும் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். மேலாளர் எங்களை உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார். விளம்பரம் பார்க்கும் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அத்தையைப் பார்த்த சந்தோஷத்தில் வெள்ளைச்சட்டைக்கும் ஆள் அனுப்பினாள். அவனும் பத்து நிமிடத்தில் வந்து நின்றான். அத்தை அவன் மாட்டிவிட்டுப் போன ஷூவை டப்பாவோடு மேசைமேல் வைத்தார். அது ஆறாம் நம்பர். அத்தைக்கு எட்டு. வீடியோவில் குதிகால் வெளியே நின்றது நாற்பது லட்சம் பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வீடியோவை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இவரிடம் ஏற்கெனவே ஷூ இருந்தது என்று ஒரு வரி போடுங்கள் என்றேன். அப்படிப் போட்டால் கடையின் பெயர் கெட்டுவிடுமாம். அந்தப் பெண் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமூட்டியது. இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்று ஆசையாக விளக்கினாள். மகன் வரவேண்டும், அம்மா காலடியில் உட்கார வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலாவதைவிட நன்றாக ஓடுமாம்.

"அவன் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?" என்றார் அத்தை.

"ஜனங்க அததாம்மா எதிர்பாக்கறாங்க."

அத்தையின் முகம் மாறியதைப் பார்த்ததும் வெள்ளைச்சட்டைக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்கம்மா என்றான். அத்தை அதைப் பிடுங்கினார் என்று சொல்ல முடியாது. தட்டிலிருந்து வெற்றிலை எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டார். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் பேச்ச நீ எடுத்துக்கிட்ட. அதக் குடு, இதத் தரேன்."

அவன் சிரித்தான். பிறகு கெஞ்சினான். மடிக்குள்ளே போன் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் மேலாளர். கூப்பிடுங்கள், எனக்கும் அவர்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது என்றார் அத்தை. மேலாளர் கூப்பிடவில்லை. கடைக்கு வந்தவர்கள் அத்தையை அடையாளம் கண்டு சுற்றி நின்றார்கள். கேட்டவர்களிடமெல்லாம் நடந்ததை நிதானமாகச் சொன்னார். அழவில்லை. யாராவது போனைத் தூக்கினால், "கீழ வைங்க, காதால கேளுங்க" என்றார்.

இரண்டு மணி நேரம். கடைசியில் மேலாளரே தலையிலடித்துக்கொண்டு, முழுசாப் போட்டுத் தொலைடா என்றார். அத்தை போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்க, அவன் வெட்டாத வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டான். வயலின் இல்லை. பேருந்துச் சத்தத்துக்கு நடுவே அத்தையின் குரல் கணீரென்று கேட்டது.

முழு வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிறீர்கள்? ஒன்பதாயிரம். அதிலும் பாதிப்பேர், கிழவிக்குப் பேராசை, பணம் கேட்டிருப்பாள் என்று எழுதினார்கள். கடை பழையதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. ஆனால் அதன் நகல்கள் இன்னும் ஊரெல்லாம் அழுதுகொண்டு திரிகின்றன. என் கணவரைத் திட்டியவர்களில் ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதவில்லை. அவர்களுக்கு அடுத்த நாள் திட்டுவதற்கு வேறு யாரோ கிடைத்துவிட்டார்கள்.

என் கணவர் முழுசாகப் பார்த்தார். "இனிமே பாத்து என்னம்மா ஆகப் போவுது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் மதியம் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனார். காவலாளி தடுத்தார். நான் அவனுக்கு அம்மா, சாப்பாடு கொண்டுவந்திருக்கேன் என்றதும் வழிவிட்டார். சாப்பாட்டுக்கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். என் கணவர் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தை நேரே போய் அவர் எதிரில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை அவர் வாயில் வைத்தார். நாற்பது வயது மனிதர், எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து மேசையில் ஒருவன் மெதுவாகப் போனை உயர்த்தினான். அத்தை திரும்பி அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.