ஐந்து சிவப்புப் பொட்டுகள்

இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போன மேலாளர் இசை மேதையாகத் திரும்பி வந்தார். வகுப்பு என்னவோ தீயணைப்புக் கருவிகளைப் பற்றியது. தேநீர் இடைவேளையில் பக்கத்து நாற்காலிக்காரர் மேஜர், மைனர் என்று ஏதோ சொல்லியிருக்கிறார். அது போதாதா?

"மூணு கட்டையைச் சேர்த்து அமுக்கினா கார்டு. அதுல நடு ஸ்வரத்தை மட்டும் அரை ஸ்வரம் கீழ இறக்கினா மைனர். மேஜர்னா சந்தோஷம், மைனர்னா சோகம். அவ்வளவுதான் விஷயம்," என்று கீபோர்டு அக்காவுக்கே பாடம் எடுத்தார். அவர் மேலாளராக இருக்கும் அஞ்சலி மண்டபத்தில் உடலைத் தகன அறைக்குள் கொண்டுபோகும் வரை வாசிப்பது அக்காவின் வேலை. பதினோரு வருடமாகத் தனக்குத் தெரியாமல் போன இந்த ரகசியத்தைக் கேட்டு அவள் பயபக்தியோடு தலையாட்டினாள்.

சொன்னதோடு விட்டாரா? சி, ஈ, ஜி என்ற கார்டில் நடுவில் இருப்பது ஈ. ஆகவே சந்தோஷம் மொத்தமும் அந்தக் கட்டைக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, கீபோர்டில் இருந்த ஐந்து ஈ கட்டைகளிலும் சிவப்புப் பொட்டு ஒட்டினார்.

"இதுல விரல் படக்கூடாது. துக்கம் பத்தலைன்னு உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ கொடுத்தாச்சு. மூணாவதுன்னா நேரா வீட்டுக்குத்தான்."

ஏ மைனர் என்று ஒன்று உண்டு, கறுப்புக் கட்டையே இல்லாமல் அழவைக்கும், அதற்கு இந்த ஈ கட்டாயம் வேண்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "குழப்பாதீங்கம்மா," என்றார். எந்தக் கட்டையில் ஆரம்பிக்கிறோமோ அதைப் பொறுத்து நடு ஸ்வரம் மாறும். முதல் மாத வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மேலாளர் படிப்பைத் தேநீரோடு முடித்துக்கொண்டவர். ஐம்பது வயதுக்கு மேல் வேறு எங்கே போய் வேலை தேடுவது என்று அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஓர் எலெக்ட்ரீஷியனின் உடல் வந்தது. அவருடைய மனைவி நேரே கீபோர்டு அருகே வந்து, நாலே ஸ்வரத்தில் ஒரு சின்ன மெட்டை முணுமுணுத்துக் காட்டினாள்.

"ஏணி மேல நின்னா இதைத்தான் விசில் அடிச்சுக்கிட்டே இருப்பாரும்மா. கீழ நான் ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். விசில் கேட்டா ஆள் நல்லா இருக்காருன்னு அர்த்தம். இதை வாசிப்பீங்களா?"

மெட்டோ அசல் மேஜர். மேலாளரோ கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அக்கா பொட்டைத் தொடாமல், நடு ஸ்வரத்தை இறக்கி வாசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அந்த அம்மா. "ஆனா இது அவர் இல்லையேம்மா."

அவள் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. கோபமே இல்லாமல் சொன்னதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. கடைசியாக ஒரு தடவை கேட்க வந்தவளுக்கு வேறு யாரையோ காட்டி அனுப்புவதா?

அக்கா கையை நகர்த்தி ஜியில் வைத்து, அதே மெட்டை அங்கிருந்து வாசித்தாள். ஜி, பி, டி. கலப்படமில்லாத மேஜர், ஒரு கட்டையிலும் பொட்டு இல்லை. மேலாளருக்குக் காது என்று ஒன்று இருந்தால் இன்றோடு வேலை போயிற்று. அவருக்கு இருந்தது கண். அது ஐந்து பொட்டுகளையும் விழிப்போடு காவல் காத்தது.

நாலு ஸ்வரம் முடிவதற்குள் அந்த அம்மா சட்டென்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டு கைகளும் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டன. பிறகு வாய்விட்டு அழுதாள். மண்டபமே அழுதது.

மேலாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா?" என்று அக்காவின் காதருகே குனிந்தார். "மைனர்னா இதுதான் மைனர். நான் நேத்தே சொன்னேன்ல?"

"ஆமா சார்," என்றாள் அக்கா.

உடலை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வழக்கமாக அத்தோடு வாசிப்பு முடியும். அந்த அம்மா நாற்காலியிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. அவள் எடுக்கும் வரைக்கும் அக்கா நிறுத்தவில்லை.