கடைசி மகளைக் காப்பாற்றிய விடைத்தாள்

கிரேக்கத்து ராணி ஒருத்தியின் கடைசி மகளைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பத்துக்குப் பூஜ்ஜியம் போட்டார்கள். வேறு யாராவது ஒரு குழந்தையைக் காப்பாற்றினால் பேப்பரில் படம் வரும். என் விடைத்தாளைத் தேவதர்ஷினி மேடம் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டி, இது எந்த நாட்டுக் கதை என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்குப் பேனா மூடியைக் கடித்தே நசுக்கிவிட்டேன்.

நான் எழில்மதி. கள்ளக்குறிச்சியில் பி.ஏ. ஆங்கிலம், முதல் வருஷம். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருகிறேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழி. சேர்ந்த உடனேயே பழைய மேலைநாட்டு இலக்கியம் என்று ஒரு தாளைத் தலையில் கட்டினார்கள். அதில் பாதி கிரேக்கத்துச் சாமிகள், மீதி கிறிஸ்தவ வேதம். இரண்டுமே எனக்குப் புதுசு. வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பேன், உடனே அதைத் தமிழில் கதையாகச் சொல்லிப் பார்ப்பேன். அப்படித்தான் வினை வந்தது.

என் அக்கா தனுஷாவைச் சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துவந்து இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இது இரண்டாவது. முதல் பிள்ளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. அம்மாவின் உத்தரவு அது. அழுதால் அடுத்தது தங்காது என்று அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அம்மா அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டு, அதோடு சரி என்று முடித்துவிட்டது.

அக்கா வந்த முதல் நாள் நான் ஒரு ராஜாவின் கதையைப் படித்தேன். தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிற இடத்தில் புத்தகத்தை மூடினேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கதை வாசிக்கிறவர் எந்த நாளும் சாவிலோ சங்கடத்திலோ நிறுத்தமாட்டார். எவ்வளவு நேரமானாலும் ஒரு கல்யாணமோ பிள்ளைப்பேறோ வருகிறவரை இழுத்துக்கொண்டு போய்த்தான் முடிப்பார். கேட்டவர்கள் அந்த நல்ல சேதியோடு வீட்டுக்குப் போக வேண்டும். அது தெரியாதா உனக்கு என்று அம்மா கத்தியது.

தெரியும். ஆனால் கிரேக்கத்துக்காரனுக்குத் தெரியவில்லையே! நானும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கல்யாணம் உருப்படியாக நடந்தபாடில்லை. ஒருவன் செத்தால் அவன் தம்பி சாகிறான், தம்பிக்காக அழுதவளும் சாகிறாள். புத்தகமே முடிந்துபோகிறது, நல்ல இடம் வரவில்லை. வேறு வழி இல்லாமல் நானே நல்ல இடத்தை உண்டுபண்ணினேன். குருடான ராஜாவுக்கு ஒரு மூலிகையில் பார்வை வந்தது. கடலில் போனவர்கள் எல்லாரும் கரையேறினார்கள். அம்மா சமாதானமாகிப் போனது. அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பாள்.

அந்த ராணியின் கதையும் அப்படித்தான் வந்தது. பதினாலு பிள்ளை பெற்றவள். உனக்கு இரண்டே பிள்ளைதானே என்று ஒரு பெண் தெய்வத்தைப் பார்த்து ஏளனம் பேசிவிட்டாள். அந்த இரண்டு பிள்ளைகளும் வில்லெடுத்து வந்து அவள் பிள்ளைகளை வரிசையாகச் சாய்த்தார்கள். பெருமை பேசினால் கண் படாமல் என்ன செய்யும் என்று அம்மாவே அதற்கு ஒத்துக்கொண்டது. பதிமூன்றாவது பிள்ளை விழும்போது பார்த்தேன், அக்காவின் கை கீரையில் அப்படியே நின்றிருந்தது. கடைசிப் பெண்ணைத் தாய் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள், தெய்வமும் மனம் இரங்கி விட்டுவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அக்கா அந்தக் கதையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். நாலைந்து தரம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தரமும் அந்தப் பெண் பிழைத்தாள். கடைசியில் எனக்கே அதுதான் கதை என்று பதிந்துவிட்டது. உள்தேர்வில் அந்தக் கேள்வியே வர, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன்.

பத்து நாளில் பருவத் தேர்வு. இதில் போனால் அரியர், அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அப்பா ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார். ஆனால் உண்மைக் கதையை வாய்விட்டுப் படித்து, அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தை யாரிடம் சொல்ல? பஸ் ஸ்டாண்டில் எஸ்தரிடம் சொன்னேன். என் வகுப்புதான், மணலூர்பேட்டைப் பக்கத்துப் பெண். வேதப் பகுதியெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க கோயில்ல பெரிய வெள்ளிக்கிழம எங்க சாமி சிலுவையில சாவற வரைக்கும்தான் வாசிப்பாங்க, மதி. அதோட நிறுத்திடுவாங்க. எல்லாரும் அழுவோம். அழுதுட்டு அப்பிடியே வூட்டுக்குப் போயிடுவோம். வயித்துல புள்ள இருக்கறவங்களும்தான் வருவாங்க."

"ஒண்ணும் ஆவாதா?"

"அழுதா மனசு லேசாவும். வேற இன்னா ஆவும்?"

எனக்கு அது அன்றைக்குப் பிடிபடவில்லை. உங்கள் சாமி வேறு, எங்கள் வீடு வேறு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கல்வராயன் மலைப்பக்கம் மழை கறுத்துக்கொண்டு நின்றது. வழியெல்லாம் மனசுக்குள் படித்துப் பார்த்தேன், ஒரு வரி ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தது. அக்கா தூங்குகிறாள் என்று நினைத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து மெல்லப் படித்தேன். பதிமூன்றாவது பிள்ளை விழுந்தது. முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு."

"அதான் உனக்குத் தெரியுமேக்கா. கடைசிப் பொண்ணு பொழச்சிக்கும்."

"பொய் சொல்லும்போது நீ வேகமா சொல்லுவ. மொதத் தரமே எனக்குத் தெரியும். நெஜமா இன்னா ஆச்சி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மார்க்கும் போய், இந்தக் கேள்விக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமா? தெரியும் என்றால் எதற்கு நாலு தரம் சொல்லவைத்தாய் என்று கத்தினேன். ஒரு தரமாவது நீ மாற்றாமல் சொல்லுவாய் என்று பார்த்தேன் என்றாள் அக்கா. அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. அவளைக் கயிற்றுக்கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன்.

கடைசிப் பெண்ணும் தாயின் மடியிலேயே செத்தாள். ராணி எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டே இருந்தாள். அழுது அழுது அவள் உடம்பு கல்லாகிப்போனது. காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பிறந்த ஊர் மலைமேல் வைத்தது. கல்லான பிறகும் அதிலிருந்து கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"அவள யாரும் அழுவாதன்னு சொல்லலயா?"

புத்தகத்தை மறுபடி பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை.

"சொல்லலக்கா."

"என்னைய எல்லாரும் சொன்னாங்க" என்றாள் அக்கா. "எம் புள்ள மூஞ்சியக்கூட நான் பாக்கல, மதி. காட்டாமலே எடுத்துக்கினு போயிட்டாங்க."

பிறகு அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை. என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நான் பயத்தில் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பிள்ளை புரள்வது புடவைக்கு மேலேயே தெரிந்தது. உயிரோடுதான் இருக்கிறது, உயிரோடுதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புல்லுக்கட்டோடு அம்மா வந்துவிட்டது. கட்டைப் போட்ட வேகத்தில் என் முதுகில் ஒன்று வைத்தது.

"புள்ளத்தாச்சி காதுல ஊதற கதையாடி இது? கொஞ்சமாவது புத்தி வேணாம் உனக்கு?"

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவள அடிக்காத. நீ பாத்தியே, நீ சொல்லு. எம் பொண்ணு யாரு ஜாடம்மா?"

அம்மா கையை உருவிக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. அந்தப் பேச்சு இப்போது எதுக்கு, நல்ல நேரத்தில் என்று முனகியது. அக்கா விடவில்லை. அம்மா என்னைப் பார்த்தது, கொட்டகைச் சுவரைப் பார்த்தது, பிறகு தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டது.

"உன் ஜாடதான். தல நெறைய முடி."

"கண்ணு?"

"தொறக்கல. தூங்கற மாதிரிதான் இருந்திச்சி. நர்சம்மாகிட்ட கேட்டு வெந்நீ வாங்கி நான்தான் குளிப்பாட்டுனேன். குளுருமேன்னு என் பழைய பொடவையில சுத்திதான் உங்கப்பன் கையில குடுத்தேன்."

அக்கா கட்டிலிலிருந்து நழுவி இறங்கி அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். விரல் எப்படி இருந்தது என்று கேட்டாள். காதில் மச்சம் இருந்ததா என்று கேட்டாள். எங்கே புதைத்தீர்கள், தலை எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அம்மா நிறுத்தி, மூக்கைச் சிந்தி, ஞாபகப்படுத்திச் சொன்னது. ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.