வெள்ளைத் தொப்பி சுருங்கிய நாள்

பால் குண்டானைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத் தொப்பியைப் போட்டு இரண்டு கையாலும் கீழே இழுத்தாள் எமினே. அது அசைந்து கொடுக்கவில்லை. கம்பளியைச் சுடுநீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து இறுக்கித்தான், இந்த மலையூர் ஆண்கள் தலையைவிட்டு எடுக்காத வெள்ளை ப்ளிஸ் தொப்பியைச் செய்கிறார்கள். துணி துவைக்கும் மெஷினும் அதற்கு அதையேதான் செய்திருந்தது. மாமனார் ஸெனெல் நேற்று வாந்தியெடுத்த படுக்கையை அவள் அள்ளிப் போட்டபோது, தலையணை உறைக்குள் தொப்பியும் போய்விட்டது. இப்போது அது கைப்பிள்ளைக்குக்கூடப் பற்றாது. அவள் அவருடைய காலை ஒடித்திருந்தால்கூட மன்னித்திருப்பார்.

"தொப்பி ஆச்சா?" உள்ளறையிலிருந்து இருமலுக்கு நடுவே ஸெனெலின் குரல் வந்தது.

"இதோ மாமா."

"அண்ணன் போயிட்டாரா?"

"இல்ல, ஆம்பளை விருந்தாளிங்க ரூம்ல உக்காந்திருக்காரு. காப்பி குடுத்திருக்கேன்."

"நல்லது. அவரு ஒரு காப்பியை அரை நாள் குடிப்பாரு."

வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போட்டு, எமினே இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே பேச்சை விட்ட அண்ணன் தம்பி. எதிரெதிர்ச் சரிவில் வீடு. ஒருவர் வீட்டுப் புகையை மற்றவர் பார்த்துக்கொண்டே கிழவரானார்கள். இன்று தம்பிக்கு முடியவில்லை என்று கேட்டு, தாஹிர் தாமாகவே தடியூன்றி மலையேறி வந்திருக்கிறார். ஸெனெலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பெரியவர் முன்னால் வெறுந்தலையோடு கிடக்க மாட்டாராம். ஜெர்மனியிலிருந்து மகன் அனுப்பிய, முன்விளிம்பு வைத்த குல்லாயை எடுத்து வந்தாள்.

"அதைப் போட்டா பெட்ரோல் பங்குல நிக்கிறவன் மாதிரி இருப்பேன்" என்றார்.

வேறு வழியில்லாமல் தாஹிரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் தன் ப்ளிஸைக் கழற்றி நீட்டினார்.

"இதைப் போட்டுவிடும்மா. எங்க ரெண்டு பேர் தலையும் ஒரே அளவு."

ஸெனெல் அதை விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

"இது அவரோடது. அப்ப அவரு தலையில என்ன இருக்கு?"

தொப்பியை அவள் கையிலேயே திணித்தார்.

"கொண்டு போய்க் குடு. எங்கண்ணன் வெறுந்தலையா நிக்கிறதைப் பாக்கவா இத்தனை நாள் உசிரோட கிடந்தேன்?"

திருப்பிக் கொண்டு போனாள். தாஹிர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "வீம்பு புடிச்சவன். சின்னதுலயும் இப்படித்தான்."

இரண்டு கிழவர்கள் மேலும் எமினேவுக்கு ஆத்திரமாக வந்தது. தன் மேல் அதைவிட. ஒரு கதவுதான் நடுவில், அதைத் திறக்க அவளால் முடியவில்லை. சுருங்கிய தொப்பியை ஆவியில் காட்டினாள், இழுத்தாள், மறுபடி காட்டினாள். விரலெல்லாம் வெந்து சிவந்தது. விளிம்பு ஒரு நூலளவு இறங்கியபோதுதான், உள்ளே இருமல் நின்று வெகுநேரம் ஆனது உறைத்தது.

ஸெனெலின் முகம் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மூச்சு இல்லை. அவள் போட்ட சத்தத்தில் தாஹிர் ஓடி வந்தார். வாசற்படியிலேயே நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தலையில ஏதாவது இருக்கா?"

"இல்ல, பெரிய மாமா."

"அப்ப மூடு. அப்படிப் பாக்கக் கூடாதுன்னானே."

மூடிய இமைக்கடியிலிருந்து அவருக்குத் தண்ணீர் வழிந்தது. எமினே போர்வையை எடுத்தாள். அதை இழுத்து மூடினால் முகமும் போய்விடும். போர்வையை விட்டுவிட்டுத் தன் தலையிலிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். மாமனாரின் தலையைத் தூக்கி, நெற்றிக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். புருஷனைத் தவிர இந்தக் குடும்பத்து ஆண் யாரும் அவள் முடியைப் பார்த்ததில்லை.

"இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

தாஹிர் கண்ணைத் திறந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து தம்பியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வந்துட்டேன்டா" என்றார்.

எமினே வெளியே போக வேண்டுமானால் அவர் முன்னால்தான் நடக்க வேண்டும். தலையை மூட வேறு துணி கையில் இல்லை. கையால் தலையை மூடிக்கொண்டு நடந்தாள். அவள் கதவைச் சாத்தும் வரை தாஹிர் தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.