ஹார்ட்னர் டின்னின் மூடி

1

"மறுபடியும் ஹார்ட்னர் மூடியத் திறந்தே வெச்சிட்டீங்களா, மாஸ்டர்?"

"மறந்துபோச்சு, முதலாளியம்மா."

"போன வாரமும் மறந்துச்சு."

"வயசாகுதுல்ல."

"கிளியர் கோட் மூடிய மட்டும் உங்க வயசு ஒண்ணும் பண்றதில்ல போல."

இந்தக் கதை பிறந்தது இவ்வளவில்தான். தைவானின் தைனான் நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளம் கார் பெயின்ட் பட்டறை. மாஸ்டர் அதை நடத்துபவர், முதலாளியம்மா அவருக்குப் பெயின்ட் கொடுக்கும் கடைக்காரர். குப்பைப் பையோடு மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டும் நகரவில்லை, வண்டி போய்விட்டது. இலக்கியத்துக்காக நான் செய்த தியாகம், மீன் முள்ளோடு ஒரு நாள் குடித்தனம் நடத்தியது.

2

முதல் தொடக்கம்: "அந்திச் சூரியன் தைனான் நகரத்தின்மீது கிளியர் கோட் அடித்ததுபோல—"

(அடித்துவிட்டேன். கீழே லாய் மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினால் எத்தனை கோட் என்று கேட்பார்.)

இரண்டாம் தொடக்கம்: "லாய் குன்-ஷெங் மனைவியை இழந்தவர். அவர் இதயத்தின் ஆழத்தில் ஒரு—"

(ஒரு என்ன? என் பழைய நாவல்களில் இந்த இடத்தில் வீணை இருக்கும். இங்கே ஸ்ப்ரே கன்தான் இருக்கிறது.)

ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன். காருக்கு நிறம் அடித்தபின் அதன்மேல் கண்ணாடிபோல் அடிப்பது கிளியர் கோட். அது தானாக இறுகாது. இரண்டு பங்கு கிளியருக்கு ஒரு பங்கு ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். ஹார்ட்னர் குறைந்தால் பிசுபிசுக்கும். கூடினால் பின்னால் வெடிப்பு விடும். கலந்தபின் பிரிக்க முடியாது. (இங்கே இல்லறத்தைப் பற்றி ஒரு வரி எழுதக் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன்.*)

முக்கியமானது இது: மூடி திறந்திருந்தால் ஹார்ட்னர் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும். தைனானின் கோடைக் காற்றைத் துணிபோல் பிழியலாம். ஆகவே இந்தத் தொழிலில் கட்டிய மனைவியின் பிறந்தநாளை மறந்தவர்கள் உண்டு. ஹார்ட்னர் மூடியை மறந்தவர் கிடையாது.

லாய் மாஸ்டரைத் தவிர. அவருடைய டின் கெட்டால் நாலு தெரு தள்ளிப் பெயின்ட் கடை வைத்திருக்கும் சூ-சிங் அம்மாள், அவரும் துணையை இழந்தவர்தான், ஸ்கூட்டரில் புது டின் கொண்டுவருவார். பெட்டியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் ஒற்றை டின்னாகத்தான் வாங்குவார்.

* அடக்காத இடங்களை என் மற்ற நூல்களில் தாராளமாகக் காணலாம்.

3

சூ-சிங் அம்மாளின் பாத்திரம்தான் என்னைப் படுத்தியது. முதல் பிரதியில் அவரை ஒன்றும் அறியாதவராக வைத்தேன். என் வாசகிகளுக்கு அப்பாவிகளைப் பிடிக்கும். ஆனால் ஹார்ட்னர் விற்பவருக்கா ஹார்ட்னர் ஏன் கெடுகிறது என்று தெரியாது? அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கேலியோடு நிறுத்திக்கொள்கிறார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிரதியைக் கிழித்தேன். (பொய். கணினியில் அழித்தேன். கிழித்தேன் என்றால்தான் எழுத்தாளர்போல் இருக்கிறது.)

4

போன வாரம் ஒரு டாக்ஸியின் பானட் வேலை நடந்துகொண்டிருந்தது. மறுநாளே வண்டி வேண்டும் என்று உரிமையாளர் கறாராகச் சொல்லியிருந்தார். அதற்கடுத்த நாள் சீனப் பஞ்சாங்கப்படி பேய் மாதமாகிய ஏழாம் மாதம் பிறக்கவிருந்தது. அதில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், கல்யாணப் பேச்சை வாயில்கூட வைக்க மாட்டார்கள்.

டின்னை நீட்டியபடியே சூ-சிங் அம்மாள் செய்தியைச் சொன்னார். கடையைப் பெரிய டீலரிடம் கொடுக்கப்போகிறாராம். ஏழாம் மாதம் முடிந்ததும் கிழக்குக் கரையில் ஹுவாலியனில் இருக்கும் தங்கையிடமே போய்விடுவாராம். சரக்கு இனி வேனில் வருமாம்.

மாஸ்டர் "அப்படியா" என்றார். கதாநாயகன் பேசவேண்டிய இடத்தில் எனக்குக் கிடைத்த வசனம் அது. சூ-சிங் அம்மாள் போனதும் மாஸ்டர் டின்னைத் திறந்தார். பிறகு கிளியரைக் கலந்தார், அடித்தார், ஷட்டரை இறக்கினார்.

காலையில் பானட்டின் குறுக்கே ஒரு பல்லி நடந்துபோயிருந்தது. ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. கிளியர் இறுகவே இல்லை. பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று நம் பஞ்சாங்கத்தில் உண்டு. காயாத டாக்ஸிமேல் நடந்தால் என்ன என்று தேடினேன். இல்லை.

மாஸ்டர் போன் செய்தார். சூ-சிங் அம்மாள் வந்தார். முதலில் ஹார்ட்னர் டின்னைத்தான் பார்த்தார். மூடி இறுக்கமாக மூடியிருந்தது. பிறகு கலவைக் கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு அளவுகளுக்குக் கோடுகள் உண்டு.

"நாலுக்கு ஒண்ணு கோட்டுல ஊத்தியிருக்கீங்க, மாஸ்டர்."

"கோடு சரியாத் தெரியல."

"கோடே இல்லாம கண்ணால ஊத்துற ஆளு நீங்க."

மாஸ்டர் பல்லியின் கால்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூ-சிங் அம்மாள் கடைக்குத் திரும்பவில்லை. இருவருமாகப் பிசுபிசுப்பைத் தின்னர் போட்டுத் துடைத்தார்கள், தேய்த்தார்கள், மறுபடி நிறம் அடித்தார்கள். இம்முறை கலந்தது சூ-சிங் அம்மாள். இரண்டுக்கு ஒன்று, வெயிலுக்கு ஏற்ற மெதுவான ஹார்ட்னர். நடுவில் இருவரும் நின்றபடியே டப்பாச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அவர் தன் முட்டையைத் தூக்கி மாஸ்டரின் சோற்றில் வைத்தார். மாலையில் டாக்ஸிக்காரர் பானட்டில் தன் முகத்தைப் பார்த்து, தலையைக் கோதிக்கொண்டு ஓட்டிப்போனார்.

5

இனி முடிவு.

அ) மாஸ்டர் மண்டியிடுகிறார். (அவருடைய முட்டி அதற்கு ஒத்துவராது. எழுப்ப நான்தான் போகவேண்டும்.)

ஆ) ரயில் நிலையம், மழை, மாஸ்டர் ஓடி— (ஹுவாலியனுக்கு அடுத்த ரயிலும் உண்டு. பரபரப்பு நிற்காது.)

இ) கல்யாண விருந்து. என் பதிப்பாளர் இதைத்தான் கேட்பார்.

எதையும் நான் எழுதப்போவதில்லை. மாஸ்டர் என்ன பதில் சொன்னார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்கவும் இல்லை. அன்றும் நான் குப்பைப் பையோடு படியில்தான் நின்றேன். சரியாக அப்போது குப்பை வண்டி பாட்டோடு வந்து தொலைத்தது. அதற்கு முன் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்.

சூ-சிங் அம்மாள் மீதியிருந்த ஹார்ட்னர் டின்னை மூடி, மூடியைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தினார். ஹெல்மெட்டை எடுத்தார். மாட்டவில்லை.

"மாஸ்டர், நாளைக்கு ஏழாம் மாசம் பொறந்துடும். அப்புறம் இதப் பேசக்கூடாது, அதனால இப்பவே கேக்குறேன். இனிமே இந்த மூடிய மூடியே வைங்க. எதுவுமே கெட்டுப்போகாத ஒரு நாள்ல என்னக் கூப்பிடுங்க."